முதலில் உயரும் கை

டீச்சரின் வலது கையை நினைத்தால் எனக்கு இரண்டு காட்சிகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் அந்தக் கை ஏதோ ஒரு பிள்ளையிடம் டிபன் பாக்ஸை நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்றில் ஆசிரியர் கூட்டத்தில், ஹெட்மாஸ்டர் பேசி முடிப்பதற்குள், மற்ற எல்லாருக்கும் முன்னால் மேலே போயிருக்கும். இரண்டும் ஒரே கைதான். கறுப்பு வார் வைத்த அதே பழைய வாட்ச், விரலிடுக்கில் அதே சாக்பீஸ் தூள். இந்த இரண்டையும் ஒட்டவைக்க இத்தனை வருடமாக முயன்று பார்க்கிறேன், முடியவில்லை.

பெயர் வேண்டாம். எங்கள் ஊருக்கு அவர் கணக்கு டீச்சர், எனக்கு வெறும் டீச்சர். பள்ளியின் பெயரும் வேண்டாம். ஏற்காட்டில் பள்ளிக்கூடங்களுக்கா குறைச்சல்? வெளியூர்ப் பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பெரிய பள்ளிகளில் ஒன்றல்ல எங்களுடையது. எஸ்டேட்டில் வேலை செய்பவர்களும் கடைக்காரர்களும் லாட்ஜில் ரூம் துடைப்பவர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பிய சின்ன உயர்நிலைப் பள்ளி. சேலத்திலிருந்து மலையேறி வந்து நான் அங்கே அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வேலை தற்காலிகம். டீச்சர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், ஒண்டிக்கடை என்ற நாற்சந்திக்கு மேலே ஒரு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

தினமும் இரண்டு டிபன் பாக்ஸ் கொண்டுவருவார். ஒன்று அவருக்கு. இன்னொன்று யாருக்கென்று கட்டும்போது அவருக்கே தெரியாது. காலைப் பிரேயரில் நிற்கும் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். பட்டினியாக வந்த பிள்ளையை எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ, ஒருநாளும் தவறியதில்லை.

"சாப்புட்டியா கண்ணு?"

"சாப்புட்டனுங்க டீச்சர்" என்று பிள்ளை பொய் சொல்லும்.

"செரி, இதையும் சாப்புடு" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்லக்கூட நேரம் தரமாட்டார். சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்தப் பாக்ஸ் எனக்கே கிடைத்தது. அறையில் ஸ்டவ் கெட்டுப்போய் இரண்டு நாளாக பன்னும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. புளிச்சாதமும் அவித்த முட்டையும் இருந்தன. வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டேன்.

அவருடைய இன்னொரு பக்கத்தை எனக்கு முதலில் சொன்னவர் ஒண்டிக்கடையில் இருந்த ஒரு காய்கறிக்கடைக்காரர். எப்போதோ ஒருமுறை அவர் பேச்சுவாக்கில், "உங்க ஸ்கூல்ல இப்பெல்லாம் படிப்பு அத்தன செரியில்லீங்களாமா" என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் பையில் போட்ட கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதோடு அந்தக் கடையில் வாங்குவது நின்றது. இரண்டு வருடம் கழித்து, மூடுபனியில் கை நீட்டினால் கை தெரியாத ஒரு காலையில், அந்தக் கடைக்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி. மலைப்பாதையின் இருபது வளைவும் இறங்கிச் சேலம் போகும்வரை வேனில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவர் டீச்சர். மறுநாள் அதே கடையைத் தாண்டி நடந்து, அடுத்த கடையில் தக்காளி வாங்கினார்.

"என்ற பொஞ்சாதி உசுரக் காப்பாத்துனவங்க சார்" என்றார் கடைக்காரர், சிரிப்பும் ஆற்றாமையுமாக. "ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க மாட்டீங்கறாங்க."

நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் இது எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு வேன் டிரைவர் விஷயம் வந்தது. ஒரு வளைவில் எங்கள் பள்ளி வேன் ஒரு சுற்றுலாக் காரை உரசிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கார்க்காரர் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். பெற்றோர் நாலைந்து பேர் வந்து சத்தம் போட்டார்கள். பதினாறு வருடம் ஓட்டிய மனிதரை நிறுத்திவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். எங்கள் பள்ளியில் அது ஒரு வழக்கம். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம், பிறகு நோட்டில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். முடிவில் "ஒருமனதாக" என்று எழுதவேண்டும். எழுதுகிறவர் டீச்சர், அவர் கையெழுத்து அத்தனை அழகு. அன்றைக்கும் அவர் கைதான் முதலில் மேலே போனது.

மறுநாள் காலையில், காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு அதே டிரைவர் வீட்டுக்கு டீச்சர் போயிருக்கிறார். அந்த வாரமே அவருக்கு எஸ்டேட் ஜீப் ஓட்டும் வேலை கிடைத்தது. வழியில் பார்த்தபோது, "டீச்சர் இல்லீன்னா என்ற குடும்பம் நடுத்தெருவுல நின்னுருக்குமுங்க" என்றார்.

"அந்தத் தீர்மானத்துல அவங்க கையெழுத்தும் இருக்குது. தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் குசும்பாகத்தான் கேட்டேன்.

"தெரியுமுங்க. அது ஸ்கூல் போட்ட கையெழுத்துங்க சார்" என்றார், எனக்குப் புரியவைக்கிற மாதிரி.

இதை டீச்சரிடமே ஒருமுறை கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"ஸ்கூல்னு வந்துட்டா நான்னு ஒரு ஆளு இல்லீங்க சார். வெளிய வந்துட்டா இருக்கறேன்."

நடிப்பில்லை, சாமர்த்தியமும் இல்லை. கணக்கு விடையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கு அது அப்போது பெரிய தியாகமாகத் தெரிந்தது. இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. உண்மையில் நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கோகிலாவுக்கு வருகிறேன்.

மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற ஊர் அவளுடையது. பத்தாம் வகுப்பு. தமிழில் கெட்டிக்காரி, கணக்கிலும் இங்கிலீஷிலும் தடுமாறுவாள். டிசம்பரில் காபிப் பழம் பழுக்கத் தொடங்கினால் மலைக்கிராமத்துப் பிள்ளைகளின் இருக்கைகள் காலியாகும். அந்த வருடம் ஜனவரி தொடங்கியும் கோகிலா வரவில்லை. ஒரு சனிக்கிழமை டீச்சர் கிளம்பினார், துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

வாசலில் காயப்போட்ட காபிப் பழத்தைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார் கோகிலாவின் அம்மா. எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க டீச்சர், படிக்கற புள்ளைய நானா வேண்டாங்கறேன்? ஆளு பத்தாம பழம் உதுந்து போவுதுங்களே. சின்னவனப் பாத்துக்கவும் ஆளில்லீங்க."

"பழம் அடுத்த வருசமும் பழுக்குமுங்க. இவளுக்குப் பத்தாவது இந்த வருசந்தான்." டீச்சர் கோகிலாவின் தலையில் கை வைத்தார். "என்ற ஊட்டுல தங்கட்டும். கணக்கு நான் பாத்துக்கறேன். கோகிலா பத்தாவது எழுதுவா. நான் பொறுப்பு."

அந்த அம்மா அழுதார். கோகிலா உள்ளே ஓடிப்போய், புத்தகங்களையும் இரண்டு துணியையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டாள். பையை எப்போதோ கட்டி வைத்திருப்பாள் போலிருந்தது. பஸ்ஸில் டீச்சரின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். உலகத்தில் இதைவிட நல்ல மனுஷி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை நான் இன்னும் முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை.

பத்து நாள் கழித்துக் கூட்டம். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம் அது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஒண்டிக்கடையில் வருடாவருடம் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டுவோம். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் பிள்ளைகள் சேருவார்கள், அந்தச் சேர்க்கையில்தான் எங்கள் சம்பளமும் ஓடியது. பட்டியலில் சந்தேகமான பெயர் ஒன்றே ஒன்று.

"கோகிலாவோட அம்மா டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர். மோசமான மனிதர் இல்லை, குரலில் வருத்தம் இருந்தது. "தனித்தேர்வரா எழுதிக்கட்டும். புள்ளைக்கும் நஷ்டமில்ல, நம்ம பேருக்கும் நஷ்டமில்ல."

எல்லாரும் மூச்சை விட்டோம். தனித்தேர்வர் என்ற சொல் எத்தனை வசதியாக இருந்தது! எழுதத்தானே போகிறாள், எந்தப் பட்டியலில் எழுதினால் என்ன? யாரும் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

டீச்சரின் கை மேலே போனது. அன்று காலையில்தான் அந்தக் கை கோகிலாவுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தது. பள்ளிக்கூடம் வரும் வழியில் நான் பார்த்தேன். இப்போது அது ஆடாமல் அசையாமல் நின்றது. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். செருமினேன்.

"சார் எதாச்சும் சொல்றீங்களா?" என்றார் ஹெட்மாஸ்டர். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். தொண்டை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நானும் கையைத் தூக்கினேன். டீச்சர் குனிந்து "ஒருமனதாக" என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டீச்சரே அந்த டி.சி. பேப்பரை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் பஸ் ஏறினார். என்னையும் கூப்பிட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் நீட்டிய பேப்பர் என்பதால் அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம்.

கோகிலா அதன்பிறகு பள்ளிக்கு வரவில்லை, ஆனால் மார்ச்சில் எழுதப்போகிறோம் என்ற நம்பிக்கையில் டீச்சர் வீட்டிலேயே இருந்தாள். டீச்சர் முன்பைவிட இரண்டு மடங்கு பாடுபட்டார். விடியும்போது இங்கிலீஷ், சாயங்காலம் கணக்கு. அறிவியல் சொல்லிக்கொடுக்க என்னையும் வரச்சொன்னார். போனேன். போனால் என் மனசு கொஞ்சம் லேசாகும்.

பிப்ரவரியில் ஒருநாள் சேலத்தில் ஒரு பழைய சிநேகிதனைப் பார்த்தேன், கல்வி அலுவலகத்தில் கிளார்க். பேச்சோடு பேச்சாகக் கோகிலாவைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

"நீயெல்லாம் சயின்ஸ் வாத்தியாரு! தனித்தேர்வர்னா அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போன வருசம் மழைக்காலத்துக்கு முந்தியே பதிஞ்சிருக்கணும்டா. அது இல்லாம எப்படி ஹால் டிக்கெட் வரும்? இந்த மார்ச்சு அந்தப் பொண்ணு எழுத முடியாது."

அறிவியல் செய்முறை என் பாடம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அடுத்த பஸ்ஸில் ஏறி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கோகிலா ஒரு தேற்றத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அடுப்படியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியுமுங்க சார்" என்றார். "மெதுவாப் பேசுங்க, புள்ள காதுல உழும்."

"தெரியுமா? அப்ப மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

"மீட்டிங்ல நான் எப்படிங்க சார் சொல்றது? அது ஸ்கூலு." கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. "இப்பச் சொன்னா இன்னைக்கே புஸ்தகத்த மூடிட்டு ஊட்டுக்குப் போயிருவா. அப்பறம் யாரு போயி கூட்டிட்டு வாறது? எப்படியாச்சும் படிக்க வெச்சுட்டா, அடுத்த வருசமாவது எழுதிப்புடுவா. நீங்களும் சொல்லிப்புடாதீங்க."

சொல்லவில்லை. ஹெட்மாஸ்டரிடம் போகலாம், கோகிலாவிடமே சொல்லலாம், ஒரு மொட்டைக் கடிதாசாவது எழுதலாம். எதையும் செய்யவில்லை. ஏப்ரலில் என் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. இதைவிட நாகரிகமான காரணம் ஒன்று என்னிடம் இருந்தால் எழுதியிருப்பேன்.

ஹால் டிக்கெட்டைப் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று எங்கள் பள்ளியில் முதல் பரீட்சை அன்று காலையில்தான் கொடுப்போம். பிரேயர் செய்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஹால் டிக்கெட்டும் ஒரு பேனாவும் கொடுத்து, மேலே பெரிய பள்ளியில் இருந்த தேர்வு மையத்துக்கு வரிசையாக நடத்திக் கூட்டிப்போவோம். அந்தக் காலையில் டீச்சர் பட்டியலோடு நின்றார். பெண்கள் வரிசையின் கடைசியில் கோகிலா நின்றாள். துவைத்து மடித்த யூனிஃபார்ம், எண்ணெய் வைத்து வாரிய தலை. வீட்டில் இரு என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தாரா, சொல்ல வாய் வராமல் விட்டாரா, எனக்குத் தெரியாது.

டீச்சர் அவளைப் பார்த்தார். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. கடைசிப் பெயரைப் படித்து ஃபைலை மூடினார்.

"டீச்சர், எம்பேரு?" என்றாள் கோகிலா.

"இந்த லிஸ்ட்ல உம்பேரு இல்ல கண்ணு."

"அப்ப எந்த லிஸ்ட்லீங்க டீச்சர்?"

டீச்சர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தோள்பையில் கைவிட்டு இரண்டாவது டிபன் பாக்ஸை எடுத்தார்.

"சாப்புட்டியா கண்ணு?"

எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பொய்யைக் கோகிலா சொல்லவில்லை. "இல்லீங்க டீச்சர்" என்றாள். ஆனால் வாங்கவும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. "டீச்சர், நேரமாச்சு" என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். பாக்ஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு டீச்சர் வரிசையின் முன்னால் போய்விட்டார். நான் வரிசையின் கடைசியில் நடந்தேன். திருப்பத்தில் பார்த்தபோது கோகிலா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மத்தியானம் திரும்பி வந்தபோது அவளும் இல்லை, பாக்ஸும் இல்லை. அவள் எடுத்துப்போனாளா, குரங்கு தூக்கிப்போனதா தெரியவில்லை.

அந்த வருடமும் ஃப்ளெக்ஸ் கட்டினோம். என் வேலை நிரந்தரமானது. இரண்டே வருடத்தில் அதை விட்டுவிட்டுச் சேலத்துக்கே வந்துவிட்டேன். கேட்டவர்களிடம் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

போன மே மாதம் மனைவியும் எட்டு வயது மகளுமாக ஏற்காடு போனோம். டவுனில் கோடைவிழாக் கூட்டம் தாங்காமல் கரடியூர் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். மனைவி போட்டோ எடுக்கப் போய்விட, நானும் மகளும் ஒரு டீக்கடையில் நின்றோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"சயின்ஸ் சாருங்களா?"

கோகிலா. இடுப்பில் ஒரு பையன். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அடுத்த வருசம் எழுதலாம்னு டீச்சர் நாலு தடவ ஊட்டுக்கே வந்தாங்க சார். அப்பா உடலீங்க. கலியாணம் பண்ணிட்டாங்க. டீச்சர் ரிட்டயர் ஆயி சேலத்துக்குப் போயிட்டாங்க, ஆனா கிறிஸ்துமஸ் வந்தா இவனுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்துருவாங்க. நொம்ப நல்லவங்க சார்." டீயை என் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அன்னைக்கு மீட்டிங்ல மொதல்ல கை தூக்குனது நாந்தான் கண்ணுன்னு சொல்லி அப்படி அழுதாங்க. அவங்க மேல எனக்குக் கோவமில்லீங்க."

நான் டம்ளரை வாயருகே கொண்டுபோய் ஊதினேன்.

"எல்லாரும் தூக்குனாங்களாமா. நீங்க ஒருத்தருதான் தூக்கலையாமா. டீச்சர் சொன்னாங்க. அத நெனச்சா எனக்கு ஒரு தெம்புங்க சார். நமக்காக ஒருத்தராவது இருந்தாங்களேன்னு."

டீச்சருக்கு எல்லாம் தெரியும். ஒருமனதாக என்று எழுதியவரே அவர்தான். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லாமல் போய், என்னை எடுத்துக் கொடுத்திருக்கிறார். தன் பாவத்தைத் தானே சொல்லிவிட்டார். என்னுடையதைச் சொல்வதை என்னிடம் விட்டுவிட்டார்.

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் அத்தனை பெருமை.

"நெஜமாவாப்பா?"

அங்கே ஹெட்மாஸ்டர் இல்லை. நோட்டு இல்லை, நிரந்தரமாக வேண்டிய வேலை இல்லை, எனக்கு முன்னால் உயர்ந்த கைகளும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

"ஆமா பாப்பா" என்றேன்.